இரண்டு நாட்டுத் தொழிற்சாலைகளின் உழைப்புத் திறனை ஒப்பிடுவது எப்படி?

1937-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓர் அமெரிக்கத் தொழிற்சாலை ஊழியர், ஒரு பிரிட்டிஷ் ஊழியரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உற்பத்தி செய்தார். பொருளாதார வரலாறு படிக்கப் புகும் எல்லோரும் சந்திக்கும் கணக்கு இது. 1907-ஐ ஒட்டியும் இதே இரண்டு மடங்குதான். 1950-இல் அது 2.6-ஐத் தாண்டியது. 1987-இல் இரண்டுக்குச் சற்றுக் கீழே இறங்கியது. இதே இரண்டு நாடுகளை, இதே ஆண்டுகளை எடுத்துக் கவனமில்லாமல் வகுத்தால் ஒன்றரையும் வரும், மூன்றும் வரும். இரண்டுமே பார்க்க நம்பத்தகுந்த எண்களாகத்தான் இருக்கும். ஆபத்து அதில்தான்.

இந்த எண்ணை நீங்களே போட்டுப் பார்ப்பதற்கான வழி இங்கே. பிரிட்டனையும் அமெரிக்காவையும் எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. பிரிட்டன் தன் முதல் உற்பத்திக் கணக்கெடுப்பை 1907-இல் நடத்தியது. அமெரிக்கா 1919 முதல் 1939 வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை தொழிற்சாலைக் கணக்கெடுப்பு நடத்தியது. தொழில்வாரியாக எத்தனை பேர், என்ன பொருள், எவ்வளவு டன், என்ன மதிப்பு என்று இரண்டிலும் பட்டியல் பட்டியலாக இருக்கிறது. இந்த ஜோடியில் கை பழகிவிட்டால் வேறு எந்த இரண்டு நாடுகளுக்கும் இதே முறை செல்லும்.

கணக்கு ஒரே வரிதான்: உற்பத்தியை (தொகுதி, பின்னத்தின் மேலெண்) உழைப்பால் (பகுதி, கீழெண்) வகு, இரு நாடுகளுக்கும் செய், ஒன்றை இன்னொன்றால் வகு. வகுத்தல் ஐந்து நிமிட வேலை. பவுண்டையும் டாலரையும் இணைக்கும் பாலத்தைக் கட்டுவதுதான் வாரக்கணக்கில் இழுக்கும். கணக்கு நிற்பதும் விழுவதும் அங்கேதான்.

1. எல்லையை முதலில் வரையுங்கள்

‘தொழில்துறை’ என்று பொதுவாகச் சொன்னால் சுரங்கம், மின்சாரம், கட்டுமானம் எல்லாம் உள்ளே வந்துவிடும். நிலக்கரிச் சுரங்கத்தின் திறனை மண்ணுக்கடியில் உள்ள படிவத்தின் தடிமன் தீர்மானிக்கிறது; தொழிற்சாலைக்கு அது பொருந்தாது. தொடங்குபவர்கள் உற்பத்தித் தொழில்களை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

வகைப்பாடு காலத்தோடு மாறும். 1997-இல் அமெரிக்கா புதிய தொழில் வகைப்பாட்டுக்கு மாறியபோது, பதிப்பகங்கள் உற்பத்தித் தொழிலிலிருந்து தகவல் துறைக்குப் போயின. பிரிட்டனில் அதே மாற்றம் 2007 வகைப்பாட்டில்தான் வந்தது. இடைப்பட்ட பத்தாண்டுகளுக்கு ‘உற்பத்தித் தொழில்’ என்ற தலைப்பில் உள்ள இரண்டு எண்களை அப்படியே எடுத்தால், ஒரு பக்கம் பதிப்பகம் உள்ளே, மறுபக்கம் வெளியே. எந்த ஆண்டில் எந்த வகைப்பாடு என்று எக்செல் தாளின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

ஆண்டையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பிரிட்டனின் கணக்கெடுப்பு ஆண்டு 1935. அமெரிக்காவிலும் அதே 1935-க்குக் கணக்கெடுப்பு உண்டு. ஆனால் அந்த ஆண்டில் அமெரிக்கா பெருமந்தத்திலிருந்து முழுதாக மீளவில்லை. மந்தத்தில் உற்பத்தி விழும் வேகத்தில் ஆள் குறைவதில்லை. அதனால் திறன் போலியாகக் குறைந்து தெரியும். அதனால்தான் பிரிட்டன் 1935-ஐ அமெரிக்கா 1937-உடன் வைத்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. 1938-இல் அமெரிக்கா மறுபடி சரிந்தது, அந்த ஆண்டு வேண்டாம். போர் ஆண்டுகளும் வேண்டாம். சோப்பு செய்த இடத்தில் குண்டு செய்யும்போது விலைக்கும் அளவுக்கும் பொருளே மாறிவிடுகிறது.

2. தொகுதியில் என்ன வைப்பது

தொழிற்சாலைகளின் விற்பனை மதிப்பை அப்படியே கூட்டினால் ஒரே பொருளைப் பலமுறை எண்ணிவிடுவீர்கள். திருப்பூரைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒரு பனியன் நூலாகி, நிட்டிங் போய், சாயப்பட்டறை போய், தையல் போய் வெளியே வருகிறது. ஒவ்வொரு இடத்திலும் விலைக்கு வாங்கி விலைக்கு விற்பதாக வைத்துக்கொண்டால், நூலின் விலை நான்கு தடவை கூட்டலில் ஏறும். அதே நான்கு வேலையையும் ஒரே கூரையின்கீழ் செய்யும் ஆலையில் ஒரே தடவைதான் ஏறும். பனியன் ஒன்றுதான், ஆட்களும் அதே எண்ணிக்கைதான். ‘உற்பத்தி’ மட்டும் வேறு.

எனவே தொகுதியில் வர வேண்டியது கூட்டப்பட்ட மதிப்பு: விற்பனை மதிப்பிலிருந்து மூலப்பொருள், எரிபொருள், வெளியே கொடுத்த வேலைக்கான கூலி ஆகியவற்றைக் கழித்தது. பிரிட்டிஷ் கணக்கெடுப்பு இதை ‘நிகர உற்பத்தி’ என்றது. அமெரிக்கக் கணக்கெடுப்பு ‘உற்பத்தியால் கூடிய மதிப்பு’ என்றது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இவை தேசிய வருமானக் கணக்கில் வரும் கூட்டப்பட்ட மதிப்புக்குச் சமம் அல்ல. விளம்பரம், காப்பீடு, வாடகை போன்ற வெளிச்சேவைச் செலவுகள் கணக்கெடுப்பு எண்ணில் கழிக்கப்படுவதில்லை. ஒரே ஆண்டுக்கு இரண்டு நாடுகளையும் இதே முறையில் எடுத்தால் பெரிய பிழை வராது. நீண்ட காலத்துக்குப் போகும்போதுதான் கடிக்கும். 1970-இல் ஆலையின் சொந்த ஆட்களாக இருந்த காவலாளியும் கேன்டீன் ஊழியரும் துப்புரவுப் பணியாளரும் 1995-இல் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்களாகிவிட்டார்கள் என்று வையுங்கள். அவர்கள் பகுதியிலிருந்து போய்விடுவார்கள். அவர்களுக்கான செலவோ தொகுதியில் அப்படியே இருக்கும். எந்த இயந்திரமும் வேகமாக ஓடாமலேயே உற்பத்தித்திறன் உயர்ந்துவிடும். நீண்ட தொடருக்குத் தேசிய வருமானக் கணக்கின் எண்ணே பாதுகாப்பு.

தீர்வை இன்னொரு பொறி. பீர், சிகரெட் விலையில் பெரும்பங்கு கலால் வரி. அது உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று அட்டவணையின் அடிக்குறிப்பைப் படிக்காமல் அந்தத் தொழில்களைத் தொடாதீர்கள்.

3. பகுதியில் யாரை எண்ணுவது

இங்கே மூன்று கேள்விகள். ஒரே விடையை இரு பக்கமும் வைக்க வேண்டும்.

கூலித் தொழிலாளர்கள் மட்டுமா, அலுவலகத்தினரும் சேர்த்தா? அமெரிக்க அட்டவணைகளில் கண்ணில் முதலில் படுவது கூலித் தொழிலாளர் எண்ணிக்கை. பிரிட்டிஷ் அட்டவணையில் தொழிலாளரும் நிர்வாக, எழுத்தர் பணியினரும் சேர்ந்த மொத்தம் எளிதில் கிடைக்கும். ஒன்றை இங்கும் மற்றொன்றை அங்குமாக எடுத்தால் அமெரிக்கா காரணமில்லாமல் பத்து இருபது விழுக்காடு மேலே போய்விடும். மொத்தப் பணியாளர் எண்ணிக்கையே என் பரிந்துரை. ஃபோர்மேனை ஒரு நாடு தொழிலாளி என்றும் மற்றது அலுவலர் என்றும் எழுதும் குழப்பம் அதில் மறைந்துவிடும்.

சிறு நிறுவனங்கள் உள்ளே உண்டா? 1935 பிரிட்டிஷ் கணக்கெடுப்பு பத்துப் பேருக்கு மேல் வேலை செய்த நிறுவனங்களிடம் மட்டுமே முழு விவரம் கேட்டது. அமெரிக்கா ஆள் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை. ஆண்டு உற்பத்தி மதிப்பு 5,000 டாலருக்குக் கீழே இருந்தால் விட்டுவிட்டது. சிறு பட்டறைகளில் தலைக்கு உற்பத்தி பொதுவாகக் குறைவு. அதிகம் விட்ட நாட்டின் சராசரி செயற்கையாக உயரும். தையல், மரவேலை, ரொட்டி அடுமனை போன்ற தொழில்களில் இது கூடுதலாகத் தெரியும். எஃகு, சிமென்ட் போன்றவற்றில் பொருட்படுத்த வேண்டியதில்லை.

ஆளை எண்ணுவதா, மணியை எண்ணுவதா? 1930-களின் பிற்பகுதியில் அமெரிக்கத் தொழிற்சாலை வாரம் சராசரியாக 39 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பிரிட்டனில் சுமார் 47. தலைக்கு 2 என்று வந்தால் மணிக்கு 2 × 47 ÷ 39, அதாவது 2.4. இரண்டுமே சரியான எண்கள். இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான விடை. நாட்டின் வாழ்க்கைத்தரம் பற்றிப் பேசினால் தலைக்கணக்கு போதும். இயந்திரம், மேலாண்மை, திறமை பற்றிப் பேசினால் மணிக்கணக்கு அவசியம். மணிக்கணக்கில் விடுமுறையையும் நோய்விடுப்பையும் கழித்த உழைத்த நேரமே வேண்டும். சம்பளம் கொடுத்த நேரம் அல்ல. போருக்குப் பின் சம்பளத்துடன் விடுமுறை பரவியதால் இந்த இரண்டும் வெகுவாக விலகிவிட்டன.

4. பாலம்: பவுண்டை டாலராக்குவது

முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுவோம். நாணய மாற்று விகிதத்தை எடுக்காதீர்கள்.

1931 செப்டம்பரில் பிரிட்டன், பவுண்டைத் தங்கத்தோடு பிணைத்திருந்த தங்க மதிப்பை விட்டது. 4.86 டாலராக இருந்த பவுண்ட் அந்த டிசம்பரில் 3.40-க்கும் கீழே போனது. டாலரும் தங்கத்தை விட்ட பிறகு 1934-இல் 5 டாலரைத் தாண்டியது. பிறகு 1949 செப்டம்பர் 18 அன்று ஒரே நாளில் 4.03-லிருந்து 2.80. மாற்று விகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டால், அந்த ஞாயிற்றுக்கிழமை பிரிட்டிஷ் தொழிலாளியின் திறன் முப்பது விழுக்காடு போய்விட்டது என்றாகும். திங்கட்கிழமை அதே தறிகளில் அதே ஆட்கள் அதே அளவு துணியைத்தான் நெய்தார்கள்.

அடுத்த தவறு கொஞ்சம் மரியாதையானது: உலக வங்கி வெளியிடும் வாங்கும் திறன் சமநிலை விகிதத்தை, அதாவது ஒரே பொருள்களை வாங்க இரு நாட்டிலும் ஆகும் பணத்தின் விகிதத்தை, எடுத்துக்கொள்வது. அது நுகர்வோரும் அரசும் முதலீட்டாளரும் வாங்குவதன் விலை. அதில் முடிவெட்டும் கூலியும் வீட்டு வாடகையும் ஆசிரியர் சம்பளமும் உண்டு. இறக்குமதிப் பொருளும், கடைக்காரரின் லாபமும் விற்பனை வரியும் உண்டு. தொழிற்சாலை வாசலில் பொருள் என்ன விலைக்குப் போனது என்பது அதில் இல்லை. இந்தியா போன்ற நாட்டில் சேவைகள் மிக மலிவு. அந்த மலிவைச் சேர்த்த விகிதத்தால் தொழிற்சாலை உற்பத்தியை மாற்றினால் உற்பத்தி ஊதிப் பெருகிவிடும்.

சரியான பாலம், தொழிற்சாலை வாசல் விலைகளிலிருந்து நாமே கட்டுவது. கணக்கெடுப்பு ஒவ்வொரு பொருளுக்கும் அளவும் மதிப்பும் தருகிறது. மதிப்பை அளவால் வகுத்தால் அலகு மதிப்பு. ஒரே பொருளுக்கு அமெரிக்க அலகு மதிப்பைப் பிரிட்டிஷ் அலகு மதிப்பால் வகுத்தால் ‘இத்தனை டாலர் ஒரு பவுண்ட்’ என்று அந்தப் பொருளுக்கான விகிதம். பொருளியலாளர் ஆங்கஸ் மாடிசன் 1983-இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஒப்பீட்டுத் திட்டம் இந்த முறையை உலகின் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது.

கை பழக ஒரு கணக்கு. எண்கள் புரிவதற்காக வைத்துக்கொண்டவை. ஒரு தொழிலில் இரண்டு பொருள்கள்:

முதல் பொருள்: பிரிட்டன் 100 டன், டன் 2 பவுண்ட். அமெரிக்கா 600 டன், டன் 6 டாலர். விகிதம் 3.
இரண்டாம் பொருள்: பிரிட்டன் 100 டன், டன் 2 பவுண்ட். அமெரிக்கா 150 டன், டன் 12 டாலர். விகிதம் 6.

பிரிட்டனில் 10 பேர், அமெரிக்காவில் 15 பேர். பிரிட்டனின் மொத்தம் 400 பவுண்ட், தலைக்கு 40. அமெரிக்காவின் மொத்தம் 5,400 டாலர், தலைக்கு 360.

இப்போது 3-க்கும் 6-க்கும் இடையில் எந்த விகிதம்? பிரிட்டிஷ் அளவுகளை எடையாக வைத்தால்: பிரிட்டிஷ் சரக்கு அமெரிக்க விலையில் 1,800 டாலர், சொந்த விலையில் 400 பவுண்ட், விகிதம் 4.5. அமெரிக்க அளவுகளை எடையாக வைத்தால்: 5,400 டாலருக்கு 1,500 பவுண்ட், விகிதம் 3.6. முதலாவதில் அமெரிக்கத் தொழிலாளி 80 பவுண்ட், அதாவது 2 மடங்கு. இரண்டாவதில் 100 பவுண்ட், 2.5 மடங்கு. 1937-இன் மாற்று விகிதம் 4.94 என்று எடுத்திருந்தால் 1.8 மடங்கு. ஒரே சரக்கு, ஒரே ஆட்கள்.

2-க்கும் 2.5-க்கும் இடையிலான வித்தியாசம் பிழை அல்ல. எந்தப் பொருளை அமெரிக்கா ஏராளமாகச் செய்கிறதோ அது அங்கே மலிவு. அதையே பிரிட்டிஷ் விலையில் மதித்தால் ஏராளமும் உயர்ந்த விலையும் சேர்ந்து அமெரிக்காவைத் தூக்கிவிடும். எந்த நாட்டின் விலையில் மதிக்கிறோமோ, அந்த நாடு சற்றுத் தாழ்ந்து தெரியும். நடைமுறையில் இரண்டின் பெருக்கல் சராசரியை எடுப்பார்கள்: 4.5 × 3.6 = 16.2, அதன் வர்க்கமூலம் சுமார் 4.02, திறன் 2.24 மடங்கு. சராசரியை மட்டும் வெளியிட்டு இரண்டு முனைகளையும் மறைப்பது நேர்மையான வேலை அல்ல. முனைகள் எவ்வளவு விலகியிருக்கின்றனவோ அந்த அளவுக்கு இரு நாட்டு உற்பத்தியும் வேறு வேறு சாதி என்று படிப்பவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

பொருளிலிருந்து தொழிலுக்கு, தொழிலிலிருந்து துறைக்கு, துறையிலிருந்து மொத்தத்துக்கு என்று படிப்படியாக ஏறுங்கள். முதல் படியில் எடை விற்பனை மதிப்பு; மேல் படிகளில் கூட்டப்பட்ட மதிப்பு. ஒவ்வொரு படியிலும், இரு நாட்டு அட்டவணையிலும் ஜோடி கிடைத்த பொருள்கள் அந்தத் தொழிலின் விற்பனையில் எத்தனை விழுக்காடு என்பதற்கு ஒரு நெடுவரிசை வையுங்கள். கால் பங்குக்குக் கீழே இருந்தால் அந்தத் தொழிலின் எண்ணைத் தனியாக அச்சிட வேண்டாம். சிமென்ட், சர்க்கரை, நூல் ஆகியவற்றுக்கு எளிதில் ஜோடி கிடைக்கும். இயந்திரங்களுக்கு ஒருபோதும் முழுதாகக் கிடைக்காது.

5. ஒரே பெயர், வேறு பொருள்

பாலத்தில் பலகை உடைவது இங்கேதான். பொறுமையாகப் பாருங்கள்.

அளவைகளிலிருந்து தொடங்குங்கள். பிரிட்டிஷ் டன் 2,240 ராத்தல் (பவுண்ட் எடை). அமெரிக்கக் குறுடன் 2,000 ராத்தல். 12 விழுக்காடு வித்தியாசம். பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் காலன் 3.785. பீர் பீப்பாய் இன்னும் மோசம்: பிரிட்டனில் 36 பிரிட்டிஷ் காலன், சுமார் 164 லிட்டர், அமெரிக்காவில் 31 அமெரிக்கக் காலன், சுமார் 117 லிட்டர். ‘தலைக்கு இத்தனை பீப்பாய்’ என்று நேராக ஒப்பிட்டால் அமெரிக்க மதுவடிப்பாளருக்கு நாற்பது விழுக்காடு இலவசமாகக் கொடுத்தாயிற்று. செங்கல்லை ஆயிரக்கணக்கில் எண்ணுவார்கள். ஆனால் பிரிட்டிஷ் செங்கல் அமெரிக்கச் செங்கல்லைவிடப் பெரியது. எல்லாவற்றையும் கிலோவுக்கும் லிட்டருக்கும் கன மீட்டருக்கும் மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை.

அளவைக்குப் பிறகு தரம். நூலை எடையால் அளந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு ராத்தல் பருத்தி நூலில் 840 கஜச் சிட்டங்கள் (நூல் கண்டுகள்) எத்தனை இருக்கின்றனவோ அதுதான் கவுண்ட். 20-ஆம் கவுண்ட் நூல் ஒரு ராத்தலுக்கு 16,800 கஜம். 80-ஆம் கவுண்ட் 67,200 கஜம். எகிப்துப் பருத்தியில் மெல்லிய நூல் நூற்ற இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலையையும், தடித்த நூல் நூற்ற அமெரிக்கத் தென்மாநில ஆலையையும் தலைக்கு இத்தனை ராத்தல் என்று ஒப்பிட்டால், மெல்லிய நூல் நூற்றதற்காகவே லங்காஷயர் தோற்றுப்போகும். கவுண்ட் வாரியாகப் பிரித்து ஜோடி சேர்க்க வேண்டும். கோயம்புத்தூரில் மில் கணக்கு எழுதும் எவரும் இதைச் சொல்லாமலே செய்வார்.

கார் விஷயத்தில் இதற்கு நேர்மாறாகப் பிழை சாயும். பிரிட்டன் 1921 முதல் காரின் குதிரைத்திறனுக்கு ஏற்ப ஆண்டு வரி விதித்தது. அந்தக் குதிரைத்திறனை எஞ்சின் சிலிண்டரின் விட்டத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். அதனால் அங்கே ஆஸ்டின் செவன் போன்ற 747 சிசி கார்கள் பெருகின. அமெரிக்காவில் 1932-இல் வந்த ஃபோர்டு வி-8 எஞ்சின் 3.6 லிட்டர். இரண்டையும் ‘ஒரு கார்’ என்று எண்ணினால் அமெரிக்காவின் உற்பத்தி குறைத்து மதிக்கப்படும். அலகு மதிப்பு விகிதமும் தவறாக உயரும். எடை வகுப்போ எஞ்சின் வகுப்போ வைத்து, ஒத்த வகுப்புகளை மட்டும் ஜோடி சேருங்கள். மிஞ்சியதை விட்டுவிடுங்கள். தவறான ஜோடியைவிட ஜோடி இல்லாமல் இருப்பதே மேல்.

ஒரு பொருளின் விகிதம் அதே தொழிலின் மற்றப் பொருள்களிலிருந்து பாதியாகவோ இரட்டையாகவோ விலகினால், பத்தில் ஒன்பது முறை அலகுப் பிழையோ தரப் பிழையோதான் காரணம். மூல அட்டவணைக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

6. ஒரு புள்ளியிலிருந்து நூற்றாண்டுக்கு

ஒரு ஆண்டுக்கு இத்தனை பாடுபட்டு எடுத்த விகிதத்தை அடிப்படைப் புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஆண்டுகளுக்கு ஒவ்வொரு நாட்டின் உற்பத்திக் குறியீட்டெண்ணையும் பணியாளர் எண்ணிக்கையையும் கொண்டு நீட்டலாம். அடிப்படை ஆண்டில் 2.1; அதிலிருந்து அமெரிக்காவின் தலா உற்பத்தி 100-லிருந்து 125 ஆகவும் பிரிட்டனின் தலா உற்பத்தி 110 ஆகவும் உயர்ந்தால், புதிய விகிதம் 2.1 × 125 ÷ 110 = 2.39. பணத்தை மறுபடி மாற்றத் தேவையில்லை. அந்தந்த நாட்டு நிலை விலையிலேயே, அதாவது விலையேற்றத்தை நீக்கிய விலையிலேயே, குறியீட்டெண் இருக்கிறது.

வசதியான முறைதான். ஆனால் இதில் பிழை வட்டி போடும். ஒரு நாட்டின் குறியீட்டெண் ஆண்டுக்கு அரை விழுக்காடு மட்டும் தவறினாலும் ஐம்பது ஆண்டுகளில் 28 விழுக்காடு விலகிவிடும். அந்த அரை விழுக்காடு வரும் வழிகள் பல.

கணினி அதில் ஒன்று. தர உயர்வைக் கழித்து விலையைக் கணக்கிடும் முறையை அமெரிக்கா 1985 டிசம்பரில் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. அதன்படி கணினி விலை ஆண்டுதோறும் வேகமாகச் சரிகிறது. உற்பத்தி அளவு அதே வேகத்தில் ஏறுகிறது. இன்னொரு நாடு பழைய முறையிலேயே விலையை எடுத்தால், ஒரே மாதிரிக் கணினியை ஒரே மாதிரி செய்த இரண்டு ஆலைகளில் ஒன்று மட்டும் பறப்பதாகத் தெரியும். 1980-களுக்குப் பிறகான தொடரை மின்னணுத் தொழிலோடு ஒருமுறை, அதை நீக்கி ஒருமுறை என்று இரண்டாகவே போடுங்கள்.

மூலப்பொருள் விலை மற்றொன்று. கூட்டப்பட்ட மதிப்பை நிலை விலைக்கு மாற்ற, வெளியே போகும் பொருளின் விலையையும் உள்ளே வரும் பொருளின் விலையையும் தனித்தனியே கழிப்பதே முறை. பல நாடுகள் வெளியே போகும் பொருளின் விலையை மட்டும் எடுத்து முடித்துவிடும். விலைகள் சேர்ந்து நகரும் காலத்தில் இது தெரியாது. 1973 அக்டோபர் முதல் 1974 ஜனவரி வரை கச்சா எண்ணெய் பேரலுக்கு 3 டாலரிலிருந்து 12 டாலரை நெருங்கியது போன்ற சமயத்தில், வேதிப்பொருள் தொழிலின் எண் அர்த்தமில்லாமல் குதிக்கும்.

இவற்றுக்கு ஒரே மருந்து இரண்டாவது அடிப்படைப் புள்ளி. 1937-லிருந்து 1950-க்கு நீட்டிய விகிதத்தையும், 1950-க்கே நேரடியாகக் கட்டிய விகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரிட்டன்–அமெரிக்கா ஜோடியில் முதலாவது 2.6-ஐ ஒட்டியும் இரண்டாவது 2.7-ஐ ஒட்டியும் வருகிறது; நான்கைந்து விழுக்காடு இடைவெளி. இந்த வேலையில் அது மிக நல்ல பொருத்தம். பத்து விழுக்காட்டுக்கு மேல் விலகினால் இடையில் எங்கோ ஒரு குறியீட்டெண் உடைந்திருக்கிறது. சராசரி எடுத்துச் சமாளிக்காமல் தொழில் தொழிலாகப் பிரித்து உடைந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

7. வந்த எண்ணைச் சோதிப்பது

மொத்த எண்ணை நம்பும் முன் தொழில்வாரி வரிசையைப் பாருங்கள். 1937 கணக்கில் ரேடியோ, கார், டின் டப்பா, கண்ணாடிப் புட்டி, கச்சா இரும்பு ஆகியவற்றில் அமெரிக்கா இரண்டு மடங்குக்கு மேல். பீர், சிகரெட், பருத்தித் துணி, தோல் காலணி ஆகியவற்றில் 1.4-க்கும் 2-க்கும் இடையில். சிமென்ட், ஆண்கள் மேலுடை, கம்பளித் துணியில் 1.4-க்கும் கீழே. இந்த வரிசை பொருள் தரும்படி இருக்கிறது. பெரிய சந்தையும் ஒரே மாதிரி வடிவமைப்பும் உதவும் இடத்தில் அமெரிக்கா முந்துகிறது. உலையின் அளவே திறனைத் தீர்மானிக்கும் சிமென்ட்டில் வித்தியாசம் சுருங்குகிறது. உங்கள் வரிசையில் சிமென்ட் 4 என்றும் கார் 1.2 என்றும் வந்தால் எங்கோ அலகு தவறியிருக்கிறது.

ஏற்றுமதியோடும் பொருத்திப் பார்க்கலாம். அப்போது அமெரிக்கக் கூலி பிரிட்டிஷ் கூலியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனவே திறன் இரண்டு மடங்குக்கு மேல் இருந்த பொருள்களில் உலகச் சந்தையில் அமெரிக்காவும், கீழே இருந்தவற்றில் பிரிட்டனும் அதிகம் விற்றிருக்க வேண்டும். 1951-இல் வெளிவந்த பொருளியலாளர் மெக்டூகலின் ஆய்வு, எடுத்துக்கொண்ட 25 பொருள்களில் 20 இப்படியே அமைந்ததைக் காட்டியது.

காலத்தொடரில் திடீர் ஏற்றம் கண்டால் பகுதியைப் பாருங்கள். 1979-க்குப் பிறகு சில ஆண்டுகளில் பிரிட்டனின் தொழிற்சாலை வேலைகள் பத்து லட்சத்துக்கும் மேல் குறைந்தன. திறன் விறுவிறுவென்று ஏறியது. கிரிக்கெட் அணியின் கடைசி மூன்று ஆட்டக்காரர்களை நீக்கிவிட்டால் மட்டைச் சராசரி தானாக உயரும்; யாரும் கூடுதலாக ஒரு ரன்கூட எடுத்திருக்க வேண்டியதில்லை. நலிந்த ஆலைகள் மூடியதால் வந்த ஏற்றம் எவ்வளவு, நிலைத்த ஆலைகள் முன்னேறியதால் வந்தது எவ்வளவு என்று பிரிக்காமல் அதை ‘அற்புதம்’ என்று எழுதினால், வேலை இழந்தவர்களின் எண்ணிக்கையைச் சாதனைக் கணக்கில் வரவு வைத்தவர்கள் ஆவோம்.

தொழில் அமைப்பின் பங்கையும் பிரித்துப் பாருங்கள். இரு நாட்டுக்கும் பிரிட்டனின் ஆள் பங்கீட்டையே வைத்து மொத்தத்தை ஒருமுறை போடுங்கள். விகிதம் பெரிதாக மாறாவிட்டால், வித்தியாசம் ஒவ்வொரு தொழிலுக்கு உள்ளேயே இருக்கிறது என்று பொருள்.

8. இந்தியாவை ஒரு பக்கம் வைத்துச் செய்பவர்களுக்கு

இந்திய அரசின் ஆண்டுத் தொழிற்சாலை ஆய்வே முதன்மை மூலம். மின்சாரம் உள்ள இடத்தில் பத்துப் பேர், இல்லாத இடத்தில் இருபது பேர் என்பதே நீண்ட காலமாக அதன் அடிப்படை எல்லையாக இருந்துவந்தது. மறுபக்கம் சீனா என்று வைத்துக்கொண்டால், அதன் ஆண்டு எண்கள் ஆளைப் பார்ப்பதில்லை, வருமானத்தைப் பார்க்கின்றன: 2011 முதல் ஆண்டு வருமானம் 2 கோடி யுவானுக்கு மேல் உள்ள நிறுவனங்கள், அதற்கு முன் எல்லை 50 லட்சம் யுவான். 2010-லிருந்து 2011-க்குப் போகும்போது அந்தத் தொடர் முறிகிறது. மேலும் சீனாவின் எல்லை உயரமானது. சிறியவர்களை இந்தியப் பக்கம் வைத்துக்கொண்டு சீனப் பக்கம் நீக்கிவிட்டு ஒப்பிடுவதாகும்.

இந்திய ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, சீன ஆண்டு ஜனவரியில். வேகமாக வளரும் தொழிலில் இந்த மூன்று மாதமே இரண்டு மூன்று விழுக்காடு. ஒப்பந்தத் தொழிலாளர்கள் இந்திய ஆய்வில் தனி வரியில் இருக்கிறார்கள். நேரடித் தொழிலாளர் வரியை மட்டும் எடுத்துவிட்டு அவர்களை மறந்தால் தலைக்கு உற்பத்தி வீங்கும். ஜாப் வொர்க் வருமானமும் தனி வரியில்தான். விற்பனை வரியை மட்டும் எடுத்தால் திருப்பூரில் பிறர் துணிக்குச் சாயம் போடும் பட்டறைக்கு உற்பத்தியே இல்லை என்றாகிவிடும்.

முடிவை வெளியிடும்போது ஒற்றை எண்ணாகக் கொடுக்காதீர்கள். ‘தலைக்கு 2.2 மடங்கு, பிரிட்டிஷ் விலையில் 2.5, அமெரிக்க விலையில் 2.0; மொத்தப் பணியாளர் அடிப்படையில்; ஜோடி சேர்ந்த பொருள்கள் விற்பனையில் இத்தனை விழுக்காடு’ என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவிடலாம். தசமப் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் போதும். இந்த முறை இரண்டாவது இலக்கத்தைத் தாங்காது. ஒவ்வொரு பொருளின் ஜோடியும், மாற்றிய அளவையும், விட்டுவிட்ட பொருள்களின் பட்டியலும் உள்ள எக்செல் தாளைக் கூடவே வையுங்கள். அடுத்து வருபவர் முதலில் திறந்து பார்ப்பது அந்த விட்டுவிட்ட பட்டியலைத்தான்.